ஆட்டத்துக்குப் போன நாளின் கூலி

விளையாடப் போன நாளுக்குரிய கூலியை யார் கொடுப்பது என்னும் கேள்வி, கேட்ட மாத்திரத்தில் அற்பமான கணக்கு விவகாரமாகத் தோன்றக்கூடும். ஆயினும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து தேசத்தில் அந்தக் கேள்வியே ஒரு மகத்தான விளையாட்டை இரண்டாகப் பிளந்தது என்பதையும், இன்று எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்திலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் கபடி ஆடுகிற இளைஞர்கள் போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் அதே கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொண்டுதான் பெயர் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, அதனை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பகலில் தேகபலத்தை விற்று ஜீவனம் நடத்துகிறவன், இரவில் அதே தேகத்தைத் தன் ஊரின் மானத்துக்காகக் களத்தில் இறக்குகிறான். பகலில் விற்றதற்குக் கூலி உண்டு. இரவில் இறக்கியதற்குக் கைத்தட்டல் உண்டு. மறுநாள் தோளைத் தூக்க முடியாமல் வேலைக்குப் போகாது நின்றுவிட்டால் பிடிக்கப்படுகிற சம்பளத்தை ஈடுசெய்வதற்குத்தான் ஒருவரும் இல்லை.

ரக்பி நம் ஜனங்களுக்கு அதிகப் பரிச்சயமில்லாத ஆட்டம். 2025 ஜூன் மாதத்தில் மும்பையில் நடந்த முதலாவது ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் என்னும் அணி பட்டம் வென்ற செய்தியைக்கூட நம்மில் பெரும்பாலோர் பத்திரிகையின் ஓரத்தில் பார்த்துவிட்டுக் கடந்திருப்போம். அதுவும் எழுவர் ஆடுகிற குறும்பதிப்பு. நான் இங்கே எடுத்துக்கொள்வது ரக்பி லீக் என்னும் பதின்மூவர் ஆட்டத்தை. அது பிறந்த விதத்தை அறிந்தால், வடசென்னைக்காரர் எவருக்கும் அது அந்நிய தேசத்துச் சரித்திரமாகத் தோன்றாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இங்கிலாந்தின் வடபால் உள்ள யார்க்‌ஷயர், லங்காஷயர் ஜில்லாக்களில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்துப் பிழைத்தவர்கள். தென்பகுதியில் அதே ஆட்டத்தை ஆடி அதன் சட்டதிட்டங்களையும் கையில் வைத்திருந்தவர்களோ, பெயர்பெற்ற பள்ளிகளிலும் சர்வகலாசாலைகளிலும் பயின்று, ஒரு நாள் சம்பாத்தியம் போனால் அன்றைய அடுப்பு எரியாது என்னும் நிலையை அறியாத கனவான்கள். சனிக்கிழமைப் பிற்பகல் வெளியூரில் ஆட்டம் என்றால் காலையிலேயே ரயிலேற வேண்டும்; சனிக்கிழமைக் காலையோ தொழிலாளிக்கு வேலைநேரம். அந்த நேரத்துக்கான கூலியை ஆட்ட மன்றங்கள் ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டுமென்று வடபகுதியார் 1893ஆம் ஆண்டு லண்டனில் கூடிய ரக்பிச் சங்கத்தின் மகாசபையில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது 136க்கு 282 என்னும் வாக்குக் கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஆடினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்பதே எதிர்த்தவர்கள் சொன்ன காரணம்.

இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தபின், 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதி மன்றங்களின் பிரதிநிதிகள், சங்கத்திலிருந்து விலகித் தமக்கென்று ஒரு யூனியனை அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் அன்று கேட்டது ராஜ போகமன்று: ஆட்டத்தால் வேலை கெட்ட நாளுக்கு ஆறு ஷில்லிங்குக்கு மேற்படாத ஈட்டுத் தொகை. மூன்று ஆண்டுகளில் சம்பளம் வாங்கி ஆடுவதும் அனுமதிக்கப்பட்டது. 1906இல் பதினைவர் பதின்மூவராகக் குறைந்து ஆட்டத்தின் அமைப்பே மாறிற்று. 1922இல் ரக்பி லீக் என்ற பெயர் நிலைத்தது. காசு பட்டால் கறைபடும் என்று கதவைச் சாத்திக்கொண்ட மற்ற ரக்பியும், சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்டில், சம்பளத்துக்கு ஆடுவதை ஏற்றுக்கொண்டது. அந்த நூறாண்டுக் காலத்தில் தூய்மையின் பெயரால் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏழை ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். லங்காஷயரின் ஆலைத்துணி நம் கைத்தறியை முடக்கிய கதையைத்தான் நாம் படித்திருக்கிறோம். அந்தத் துணியை நெய்த மனிதனும் ஒரு நாள் கூலிக்காக மன்றாடியவன் என்பதை, 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த இந்த மண்ணில் இருப்பவர்கள் அனுதாபத்தோடு உணரமுடியும்.

இந்த ஆட்டத்தில் ஃபார்வர்டு என்று சொல்லப்படுகிறவன் செய்யும் வேலை என்ன? பந்தோடு ஓடிவருகிறவனை எதிரணியார் பிடித்துத் தரையில் நிறுத்துவார்கள்; அவன் எழுந்து மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பான்; இவ்வாறு ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த முன்வரிசை மனிதர்கள், எண்பது நிமிட ஆட்டத்தில், நேராகச் சுவரில் மோதுவதுபோல எதிரணிமேல் மோதிச் சில கஜங்களைச் சம்பாதித்துக் கொடுக்கவும், எதிரிலே வருகிறவனைத் தோள்கொடுத்து நிறுத்தவும் கடமைப்பட்டவர்கள். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துக் கீர்த்தி பெறுகிறவன் பெரும்பாலும் வேறொருவனாயிருப்பான். தேரோட்டத்தன்று ஊரார் தேர்மேல் அமர்ந்த மூர்த்தியைச் சேவிக்க, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்து, சரியான கணத்தில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்துகிறவனை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை அல்லவா? அவனுடைய ஸ்தானமே இவர்களுடைய ஸ்தானமும்.

அத்தகையவர்களுள் ஒருவராகிய ஜேமி பீகாக்கின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 1977இல் லீட்ஸ் நகரில் பிறந்த அவர், 1999இல் பிராட்ஃபோர்டு அணியில் அடியெடுத்துவைத்து, 2003இல் அந்நாட்டு லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்று, பின்னர் சொந்த ஊரின் அணிக்கு வந்து, இரு அணிகளிலுமாக ஒன்பது முறை இறுதிப் போட்டியில் வென்றவர். கிரேட் பிரிட்டனுக்கும் இங்கிலாந்துக்கும் தலைமை தாங்கியவர். 2015இல், தம் 37ஆம் வயதில், லீட்ஸ் அணி அவ்வாண்டின் மூன்று பட்டங்களையும் வென்ற நிறைவோடு ஓய்வுபெற்ற அவர், அடுத்த ஆண்டே தாம் நிர்வாகப் பணியாற்றிக்கொண்டிருந்த ஹல் நகர அணி தாழ்ந்த பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயத்தில் இருந்தபோது மறுபடியும் காலணி கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஓய்வு பெற்றவருக்கு நிர்வாகத்தில் ஓர் உத்தியோகம் காத்திருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே மன்றத்துக்குப் பத்து ஆண்டுகள் உழைத்தவருக்கு நன்றியாக ஓராண்டு முழுவதும் விருந்தும் ஆட்டமும் நடத்தி, அந்த வசூலை அவர் கையிலேயே கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. காயம்பட்டவர்களுக்கும் களம் விட்டவர்களுக்கும் உதவுவதற்கென்றே ரக்பி லீக் கேர்ஸ் என்னும் தரும ஸ்தாபனம் இயங்குகிறது. இவை போதுமானவை என்று அந்நாட்டாரே சொல்லமாட்டார்கள். ஒரு மன்றம் தன் வீரர் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஏறத்தாழ 21 லட்சம் பவுன் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிற, கால்பந்தோடு ஒப்பிட்டால் ஏழ்மையான ஆட்டம் அது. ஏழ்மையான ஆட்டமே இவ்வளவையாவது செய்திருக்கிறது என்பதுதான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது.

இனி நம் கரைக்கு வருவோம். ஒருபுறம் கடல், மறுபுறம் கொசஸ்தலையாற்றின் கழி, சுற்றிலும் அனல்மின் நிலையங்களும் எண்ணெய் ஆலைகளும் துறைமுகமும் என்று அமைந்த நெட்டுக்குப்பத்தில், மீன்பாடு பார்த்து வயிறு வளர்த்த காலம் தேய்ந்துகொண்டே வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழியில் பரவிய எண்ணெய்ப் படலம் வலைகளிலும் படகுகளிலும் அப்பிக்கொண்டதையும், அதை மீனவர்களே கையால் அள்ளியதையும் தமிழ்நாடு பார்த்தது. கழி தராத ஜீவனத்தைத் தேடி அவர்களுடைய பிள்ளைகள் ஒப்பந்தக் கூலிகளாகச் சரக்கு முனையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகிறார்கள். போனவர்கள் விட்டுப்போகாதது கபடி. பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் மணலைச் சமன்செய்து, கயிறு பிடித்துக் கோலப்பொடியால் கோடு போட்டு, நான்கு கம்பங்களில் ஃபோகஸ் லைட் கட்டி, விடிய விடிய நடத்துகிற போட்டிகளுக்கு, திருவொற்றியூர், காசிமேடு, பழவேற்காடு என்று பல திக்குகளிலிருந்தும் செட்டுகள் எனப்படும் அணிகள் வருகின்றன. மைக்கில் வர்ணனை செய்பவரின் குரல் கடலலையையும் மீறிக் கேட்கும். ஊருக்கு அதைவிடப் பெரிய உற்சவம் கிடையாது.

அத்தகைய இரவொன்றில், பிடிக்காரர் வரிசையின் ஓரமாகிய கார்னரில் நின்ற ஓர் இளைஞரை நான் வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் பகலில் கப்பலில் பெட்டகங்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலை பார்ப்பவர். வலக்கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளைப் பிளாஸ்டரால் சுற்றியிருந்தார். பாடிவந்த ரைடரின் முகத்தை அவர் ஏறெடுத்துப் பார்க்கவேயில்லை. பார்வை முழுவதும் அவனுடைய முன்காலின் பெருவிரலில் பதிந்திருந்தது. போனஸ் கோட்டைத் தொடுவதற்காக அந்தக் கால் ஒரு சாண் நீண்ட கணத்தில், பக்கத்திலிருந்த கவர் ஆட்டக்காரரின் கையை உதறிவிட்டு, உடல் முழுவதும் மணலோடு மணலாகப் படியக் கணுக்காலைப் பாய்ந்து கவ்வினார். ரைடரின் மற்ற முழங்கால் அவர் தோளில் இடித்த சத்தம் ஓரத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. அதற்குமேல் ஐந்து பேர் விழுந்தார்கள். விசில் ஊதிற்று, ஒரு புள்ளி கிடைத்தது, மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவரின் வலத்தோள் இடத்தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஆட்டம் முடியும்வரை அவர் வெளியே வரவில்லை. விடியற்காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவரால் போகமுடியவில்லை. அடுத்த இரண்டு வாரங்களும் போகமுடியவில்லை. அவருக்குப் பதில் வேறோர் ஆளை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்டார். எலும்பு வைத்தியருக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியது. அவர் செட்டு அந்த இரவில் வென்ற கோப்பை கோயில் மண்டபத்தில் இருக்கிறது.

பிடிக்காரனின் வாழ்க்கை எவ்வளவு உயரத்துக்குப் போகமுடியும் என்பதற்கு நம் நாட்டில் தர்மராஜ் சேரலாதனைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. 1975இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்த அவர், 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே 39 வயதைக் கடந்திருந்தார்; சரீரம் கழன்றுபோயிருக்க வேண்டிய வயது அது. அந்த வயதில் புதிதாகத் தொடங்கி, 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி, ஹைதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை 37க்கு 29 என்னும் கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை வென்று உலகக் கோப்பையைப் பெற்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். 2019இல், 44ஆம் வயதில், ஹரியானா அணிக்குத் தலைவர். அதன்பின் 46ஆம் வயதிலும் ஜெய்ப்பூர் அணியில் கார்னர். இந்தி பேசுகிற பிள்ளைகளும் அவரை அண்ணா என்றே அழைத்தார்கள். தன்னைவிட இருபத்தைந்து வயது இளைய ரைடரின் காலை, அவன் எடுத்துவைக்குமுன்பே எங்கே வைப்பான் என்று கணித்துப் பிடித்த அந்த ஞானம், ஓட்டத்தாலோ பலத்தாலோ வந்ததன்று. முப்பது ஆண்டுக்காலம் விடாமல் ஆடக்கிடைத்ததால் வந்தது. முப்பது ஆண்டுகள் ஆட ஒருவனுக்குக் கிடைக்க வேண்டுமானால், அத்தனை ஆண்டுகளும் அவன் வீட்டில் உலை கொதித்திருக்க வேண்டும். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

அந்த உலையைக் கொதிக்கவைத்தவை, முந்தைய தலைமுறையில், அரசுத்துறை ஸ்தாபனங்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட காலத்திலும், 1994இல் ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன் போன்ற நம் வீரர்கள் தங்கம் கொண்டுவந்த காலத்திலும், நன்றாக ஆடுகிற கிராமத்துப் பையனுக்கு ரயில்வேயோ, மின்வாரியமோ, காவல்துறையோ, வங்கியோ உத்தியோகம் கொடுத்து அழைத்துக்கொண்டது. காலையில் பயிற்சி, பிற்பகலில் அலுவலகம், போட்டிக்காலத்தில் சம்பளத்தோடு விடுப்பு, ஆட்டம் முடிந்தபின் ஓய்வூதியம்வரை நீளும் பாதுகாப்பு. ஹட்டர்ஸ்ஃபீல்டில் சண்டையிட்டுப் பெற்றதை நம் பொதுத்துறை அமைதியாகக் கொடுத்துவந்தது. அதன் பெருமையை நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் குறை. கணேசனுடைய வாழ்க்கையின் சாயலில் 2025இல் வெளிவந்த பைசன் திரைப்படத்தை ஜனங்கள் கொண்டாடினார்கள். அத்தகைய ஒருவர் இன்று எண்ணூரில் தோன்றினால் அவரை அழைத்துக்கொள்ள எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கேட்டவர்கள் சிலரே.

ஏனெனில் அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகக் குறுகிவிட்டன. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. 2001இல் இயங்கத் தொடங்கிய புதிய துறைமுகத்தில் பெரும்பாலான வேலைகள் முனையம் நடத்தும் தனியாருக்கும் அவர்களுக்குக் கீழே ஒப்பந்தக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தவை. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் அது தேசிய அளவிலும் சர்வதேச அளவிலும் வென்றவர்களுக்கு. அந்த உயரத்துக்கு ஏறும்வரையில் ஏணியின் கீழ்ப்படிகளில் நிற்கிற ஆயிரம் பேருக்கு, ஒப்பந்தச் சீட்டும் நாள்கூலியும்தான் கதி. மேலே ஏறியவர் அனைவரும் அந்தக் கீழ்ப்படிகளில் நின்றவர்களே.

புரோ கபடி வந்துவிட்டதே, கோடிக்கணக்கில் ஏலம் போகிறார்களே என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். 2014இல் நடந்த முதல் ஏலத்தில் அதிகபட்ச விலை பெற்ற ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்துக்குக் கொடுத்தது 2 கோடியே 26 லட்சம். அந்தப் பவன் தம் முதல் ஆட்டத்தில், ஆட்டம் சூடுபிடிக்குமுன்பே, முழங்கால் ஜவ்வு அறுந்து வெளியேறி, அந்தப் பருவம் முழுவதும் களமிறங்கவில்லை. சிறந்த மருத்துவமும் ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் இருந்ததால், அடுத்த ஆண்டே மீண்டுவந்து ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வாங்கினார். அதே ஜவ்வு எண்ணூர் மணலில் ஒருவருக்கு அறுந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காயம் ஒன்றுதான், அறுவை சிகிச்சையின் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒருவருக்கு அது ஓராண்டுத் தடை, மற்றவருக்கு ஆட்டத்தின் முடிவு, பெரும்பாலும் மூட்டை தூக்கும் வேலையின் முடிவும்கூட. பன்னிரண்டு அணிகள் கொண்ட லீக் ஓராண்டில் சில நூறு பேருக்கு இடம் கொடுக்கும். தமிழ்நாட்டில் மாநில விளையாட்டாக மதிக்கப்படும் ஓர் ஆட்டத்தின் பாரத்தை அந்தச் சில நூறு ஒப்பந்தங்களின்மேல் சுமத்திவிட்டு நாம் நிம்மதியாக இருக்கமுடியாது.

காயத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியதுண்டு. இங்கிலாந்தில், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடியால் நடுவயதிலேயே நினைவு மங்கும் நோய்க்கு ஆளானதாகச் சொல்லி, முன்னாள் ரக்பி லீக் வீரர்கள் பலர் நிர்வாகத்தின்மேல் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். செயின்ட் ஹெலன்ஸ் ஊரிலிருந்து புறப்பட்டு ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிரஹாம் என்னும் முன்வரிசை வீரர், ஓய்வுபெற்றபின் தம் மூளையின் நிலைமையைப் பரிசோதித்து அதைப் பகிரங்கமாகப் பேசவும், இறந்தபின் மூளையை ஆராய்ச்சிக்குத் தரவும் முன்வந்தார். சரீரத்தின் வலிமையால் பெயர்வாங்கிய ஒருவர், அதற்குக் கொடுத்த விலையை ஒளிக்காமல் சொல்வது பெரிய தைரியம். நம் பக்கத்தில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவேயில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துப் போட்டியில் ரைடு போன கல்லூரி மாணவர் களத்திலேயே உயிரிழந்த காட்சியைப் பலரும் தம் கைப்பேசியில் பார்த்துக் கண்ணீர் விட்டோம். அதன்பின் நடந்த எத்தனை போட்டிகளில் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது? தலையில் அடிபட்டவனை உட்காரவைத்துப் பரிசோதிக்க ஒருவர் இருந்தாரா? முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு வாய் சோடா கொடுத்து, மறுபடியும் கோட்டுக்குள் அனுப்புகிற பழக்கம்தான் நான் பார்த்தவரையில் நடக்கிறது.

ஆட்டத்தில் பணத்தைக் கலக்காதீர்கள், ஊர்ப்பற்றுக்காக ஆடுகிறவனைக் கூலிக்காரனாக்காதீர்கள் என்று என்னிடமே பெரியவர் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் 1893இல் லண்டனில் கையுயர்த்தியவர்கள் சொன்னதும் இதுவே. ஊர்ப்பற்று உள்ளவனுக்குப் பசியும் உண்டு. ஒரு நாள் கூலியை ஈடுசெய்துவிட்டால் அவனுடைய பற்றுக் குறைந்துவிடும் என்று நினைப்பது, அவனுடைய பற்றை நாம் மிகவும் குறைவாக மதிப்பிடுவதாகும். கூலிக்கு அஞ்சி ஆடாமல் நின்றுவிட்ட நல்ல கார்னர்கள் இந்தக் கடற்கரையில் பலர். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதியிருக்கமாட்டார்கள்.

பெண்களின் நிலை இதனினும் கடினம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா துணைத்தலைவியாக இருந்தார். அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்துக் கௌரவித்தது. நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய அந்தப் பேட்டையிலிருந்து ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்தது எல்லோர் மனத்தையும் நிறைத்தது. ஆனால் எண்ணூர்க் குப்பங்களில் பள்ளி அணியில் துடிப்பாக ஆடிய பெண்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுமாதமே ஏற்றுமதித் தையல் கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறார்கள். வெற்றிக்குப் பின் தரப்படும் பரிசைவிட, வெற்றிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கு மாதாமாதம் ஒரு சிறிய உதவித்தொகை இருந்திருந்தால், அவர்களில் சிலரேனும் வண்டியில் ஏறாமல் களத்தில் நின்றிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்யவேண்டியவை பெரும் பிரயாசை கொண்டவையல்ல. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்கிறது. கிராமிய விளையாட்டுக்கும் தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுக்கும் பயிற்சி அளிப்பதும் அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. மணலியிலிருந்து எண்ணூர்வரை வரிசையாக நிற்கிற ஆலைகளும் துறைமுகமும், தம் புகையையும் சாம்பலையும் சுமக்கிற குப்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தொகையிலிருந்து, போட்டியாலும் காயத்தாலும் இழந்த நாட்களின் கூலியை ஈடுசெய்யும் பொதுநிதி ஒன்றை ஏற்படுத்தினால், அது தர்மமன்று, பழைய பாக்கி. தம் வளாகத்துக்குள் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளி மாவட்ட அணிக்கோ மாநில அணிக்கோ தேர்வானால், சம்பளத்தோடு விடுப்பு அளிக்க வேண்டுமென்ற ஒரு வரியை ஒப்பந்தப் பத்திரத்திலேயே சேர்க்க அவர்களால் முடியும்.

காப்பீடு இன்னும் சுலபம். கபடிப் போட்டி நடத்த இன்று காவல்துறையின் அனுமதி வேண்டும். சாதிச் சின்னம் பொறித்த உடை கூடாது, குடித்துவிட்டு ஆடக்கூடாது, முதலுதவிக்கு ஏற்பாடு வேண்டும் என்று நீதிமன்றங்களும் நிபந்தனை விதித்திருக்கின்றன. அந்த நிபந்தனைகளோடு, களமிறங்கும் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்த ரசீதைக் காட்டவேண்டும் என்பதையும் சேர்த்துவிடலாம். ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு பேர், முப்பது செட்டு என்று வைத்துக்கொண்டாலும், முந்நூற்றறுபது பேருக்கு ஆகும் காப்பீட்டுத் தவணை, சுழற்கோப்பையோடு கொடுக்கிற ரொக்கப் பரிசையும், வரவேற்பு ஃபிளெக்ஸ்களுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகிற செலவையும் ஓரளவு குறைத்தாலே கட்டிவிடக்கூடியது. வரும் பொங்கலுக்கு நெட்டுக்குப்பத்தில் போட்டி நடத்தப்போகும் இளைஞர்கள், நன்கொடைப் புத்தகத்தை அச்சடிக்குமுன், அதன் முதல் பக்கத்தில் இந்தச் செலவுக்கென்று ஒரு தனி வரியை ஒதுக்கட்டும். அந்த வரியில் முதல் நன்கொடையை எழுத நான் சித்தமாயிருக்கிறேன்.